முடி வருஷம்

மொட்டை போட்டு, தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு, வயலூர் முருகன் கோயில் வாசலில் நின்று குணசீலன் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. விமான நிறுவனத்திடமிருந்து. 'வெள்ளிக்கிழமைப் பயணம் இனிதாக அமையட்டும். விமான நிலைய வாசலில் உங்கள் தலையிலிருந்து வேரோடு ஒரு முடி எடுத்து, கையிலுள்ள இழைச் சான்றோடு ஒப்பிடுவோம். இந்த மாதம் முதல் இது கட்டாயம்.'

இளநீர் மூக்கில் ஏறியது.

இருமி முடித்துவிட்டுத் தலையைத் தடவிப் பார்த்தார். விரல் எங்கும் நிற்காமல் பிடரிவரை வழுக்கிக்கொண்டு போனது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அங்கே தோளைத் தொடுகிற குடுமி இருந்தது. ஒரு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்த குடுமி. குணசீலன் செருப்பைக்கூடக் கழற்றாமல் முடி காணிக்கை மண்டபத்துக்குள் ஓடினார்.

"தம்பி, என் முடி எங்க?"

சவரம் செய்தவர் ஒரு குழந்தைத் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கோணிப்பையைக் காட்டினார். "அதுலதான் கெடக்கு சார். எது உங்களுதுன்னு நீங்கதான் பாக்கணும். நரைச்சதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அதுல வேர் இருக்குமா?"

"பிளேடு வச்சு வழிச்சா வேர் எப்படி சார் வரும்? வெளிநாடு போறவங்க மொட்டை போடாதீங்கன்னு அம்மாம் பெரிய போர்டு மாட்டியிருக்கு. நானும் வாயைத் தொறந்து கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

என்ன சொன்னார் என்பது குணசீலனுக்கு நன்றாகவே நினைவிருந்தது. 'சான்று கைக்கு வந்தாச்சு தம்பி. இனிமே தலை என் சொந்தம்.' சொன்னதோடு நிற்காமல் தன் வார்த்தைக்குத் தானே சிரித்தும் வைத்திருந்தார்.

இந்தக் கூத்தில் பெரிய வேடிக்கை, குணசீலன்தான் தில்லை நகரில் அவர் தெருவுக்கே பயண நிபுணர் என்பது. யாரும் கொடுத்த பதவியல்ல. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டது. 'புறப்படுமுன்' என்று அவர் நடத்தும் குழுவில் காலையில் எழுந்ததும் ஒரு யோசனை வந்து விழும். பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுள் மிச்சமிருக்கிறதா பாருங்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றுதானா பாருங்கள். எல்லாவற்றையும் படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். கடைசி நாளில் எதையும் மாற்றாதீர்கள். அவர் பேச்சைக் கேட்டு எத்தனையோ பேர் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர் மட்டும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

பாஸ்போர்ட் கோளாறெல்லாம் பழைய காலத்துத் தலைவலி. இப்போதைய தலைவலி தலையிலேயே இருந்தது. மனிதன் துக்கப்படும்போது உடம்பில் சுரக்கும் ஏதோ ஒன்று முடியில் போய்ப் படிந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். முடி மாதத்துக்குச் சுமாராக ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. நீளமான ஒரு முடியைப் பிடுங்கி இயந்திரத்தில் வைத்தால் ஒரு வருடத்து அழுகை முழுவதும் மாதவாரியாகத் தெரிந்துவிடும். வாய் பொய் சொல்லும், முகம் நடிக்கும், முடிக்கு அந்த வித்தை தெரியாது. குளிர் நாடுகள் ஒவ்வொன்றாக இதைப் பிடித்துக்கொண்டன. உள்ளே வர வேண்டுமா, ஒரு வருடம் நிம்மதியாக இருந்ததற்கு முடியில் சான்று கொண்டு வா.

அதிலிருந்துதான் ஊரில் 'முடி வருஷம்' என்ற பேச்சு வந்தது. பயணத்துக்கு முந்தைய வருடம் அது. ஆண்கள் குடுமி வளர்த்தார்கள். சீரியல் பார்க்க மாட்டார்கள். கோர்ட்டில் வழக்கிருந்தால் வாய்தா கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவு வீட்டுக்குப் போக மாட்டார்கள். "அவங்களுக்கு முடி வருஷம்" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பாடையைத் தூக்க நாலு பேர் சேராமல் ஆம்புலன்ஸ்காரர்கள் தோள் கொடுத்த சாவுகளும் உண்டு. பக்கத்து வீட்டு டேவிட் சார் போனபோது குணசீலன் ஜன்னல்களைச் சாத்தி, பழைய காமெடிக் காட்சிகளைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாகக் காலையில் அவரோடு செய்தித்தாளைப் பங்கு போட்டுக்கொண்ட மனிதர் டேவிட் சார். ஜெபப் பாட்டு சுவரைத் தாண்டி வந்தபோது குணசீலன் சத்தத்தை இன்னும் கூட்டினார். அன்று அவர் ஒருதரம்கூடச் சிரிக்கவில்லை. அது வேறு விஷயம்.

எல்லாம் மகள் நறுமுகைக்காக. அந்தக் குளிர் நாட்டில் அவளுக்கு இது எட்டாம் மாதம். மாசியில் பிரசவம். கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டான பிள்ளை. அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டிருந்தாள். அவள் எதையும் கேட்கிற பெண்ணே அல்ல.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மேகலா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க..." என்றாள். கையிலிருந்த துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பெட்டிக்குப் பூட்டு வாங்கத்தானே போனீங்க?"

"பூட்டுக் கடைக்கும் முருகனுக்கும் ஒரே பஸ்ஸுதான். பேரப்பிள்ளை நல்லபடியா பொறக்கணும்னு வேண்டியிருந்தேன். கடலைத் தாண்டுறதுக்கு முன்னாடி கடனை முடிச்சிடலாம்னு பாத்தேன்." தலையைக் குனிந்து காட்டினார். "எப்படி? ரெண்டு பேரையும் பக்கத்துல படுக்க வச்சா யாரு தாத்தா, யாரு பேரன்னே தெரியாது."

இந்த மாதிரிப் பேச்சுக்கு மேகலா வழக்கமாகத் தலையிலடித்துக்கொள்வாள். இன்று அவர் மொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கடைசியாக இருந்த தீப்பெட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து நிற்கிறவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"இப்ப எப்படிப் போவீங்க?"

"அட, என்கிட்டயே கேக்கறியா? ஊருக்கே வழி சொல்றவன். எனக்கு ஒரு வழி இல்லாமலா போயிடும்?"

அவள் துண்டை மறுபடி மடித்தாள். அது ஏற்கெனவே மடித்த துண்டு.

இழைச் சான்று தரும் நிலையம் கன்டோன்மென்டில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கே முடி பார்க்கிற ரெஜினாவுக்குக் குணசீலனை நன்றாகத் தெரியும். அவர் அனுப்பிவைத்த ஆட்களாலேயே அவளுக்குப் பாதி வேலை. மொட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"சார்! நீங்களா?"

"நானேதான். ஆள் மாறாட்டம் இல்லை. மீசை இருக்கு பாருங்க, இதுல ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"மீசை செல்லாது சார்."

"நெஞ்சு முடி?"

"அது நின்னு நின்னு வளரும். மாசம் சரியா காட்டாது. தலைமுடி மட்டும்தான்." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு அடக்கத் தேவையில்லாமலேயே சிரிப்பு போய்விட்டது. "சான்று வாங்கறப்ப எடுத்த உங்க முடி மிஷின்லயே கரைஞ்சு போயிருக்கும். புது ரூல் போன வாரம்தான் வந்துச்சு. நீங்க பாக்கலையா?"

"ரூல் போடறவங்கதான் என் குரூப்புல இல்லையே." உட்கார்ந்தார். "ஏம்மா, எனக்கு ஒண்ணு புரியவே இல்லை. அழுதவன் உள்ள வந்தா அவங்களுக்கு என்னதான் கஷ்டம்?"

"துக்கத்தோட வர்றவங்க திரும்பிப் போறதில்லையாம் சார். அங்கேயே ஒட்டிக்கிறாங்களாம். நோயில படுத்துக்கறாங்க, வேலை செய்ய மாட்டேங்கிறாங்க, ஆஸ்பத்திரி எல்லாம் அவங்களாலேயே ரொம்புதுன்னு கணக்கு போட்டு வச்சிருக்காங்க."

"அப்ப துக்கமே இல்லாதவன் எதுக்கு ஊரை விட்டுப் போகப் போறான்?"

சம்பளம் வாங்குகிறவர்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. ரெஜினா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு வழி இருக்கு. இணை இழைன்னு பேரு," என்றாள். "வருஷம் பூரா ஒரே கூரைக்குக் கீழ இருந்த வீட்டுக்காரம்மாவோட முடியை வச்சு உங்களுக்குச் சான்று தரலாம். வீட்டுல துக்கம்னா ரெண்டு தலையிலயும் ஏறியிருக்கும்னு ஒரு கணக்கு. நோய், ஆபரேஷன்ல முடி போனவங்களுக்காக வச்சது. நான் எப்படியாவது உங்களையும் அதுல சேத்துவிடுறேன். மேடத்தைக் கூட்டிட்டு வாங்க."

குணசீலனுக்கு உயிர் வந்தது. மேகலாவின் முடியைவிட நிம்மதியான முடி திருச்சி ஜில்லாவிலேயே இருக்க முடியாது. ஒரு வருடமாக அந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவர் அவர். செய்தி வாசிப்பவர் தொண்டையைச் செருமினாலே சேனலை மாற்றிவிடுவார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஜோக், பின்னால் ஒரு ஜோக். சர்க்கரை மாத்திரை மாதிரி.

ஆனால் மேகலா மாட்டேன் என்றாள்.

"முழங்கால் வலிக்கு பிளேன்ல அவ்ளோ நேரம் உக்கார முடியாதுன்னுதானே நான் விண்ணப்பமே போடல?"

"நீ வர வேணாம். உன் முடி மட்டும் வந்தா போதும்."

"தலையில எண்ணெய் வச்சிருக்கேன்."

"தொடச்சுக்குவாங்க."

"காலையிலதான் தலைக்குக் குளிச்சேன்."

"எண்ணெய் வச்சு எப்படிக் குளிச்சே?"

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. குணசீலன் நறுமுகையைக் கூப்பிட்டார். திரையில் அவள் முகம் மட்டும் வந்தது. கழுத்துவரை போர்வை.

"மொட்டையாப்பா? ஏம்ப்பா?"

"உன் புள்ளை வந்து என் முடியைப் பிடிச்சு இழுக்கக் கூடாதுல்ல, முன்னெச்சரிக்கை."

நறுமுகை சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். முடிக்கும்போது மட்டும் எங்கே முடிப்பது என்று தெரியாத மாதிரி கொஞ்சம் நீண்டுவிட்டது.

"உதைக்கிறானா?"

"தூங்குதுப்பா." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க கண்டிப்பா வந்துடுவீங்கல்ல?"

"வெள்ளிக்கிழமை ஏறிடுவேன்டா. அம்மாதான் ஒரு முடி தர மாட்டேங்கிறா, கஞ்சப் பிசினாறி."

"அம்மா முடியா? எதுக்கு?" என்று கேட்டாள். குரல் சட்டென்று வேறாகிவிட்டது. "அம்மாவை விட்டுடுங்கப்பா. வேற ஏதாவது வழி பாருங்க." ஏதோ வேலை வந்துவிட்டதென்று வைத்துவிட்டாள்.

பெண்கள் இருவரும் சேர்ந்துகொண்டு தன்னை அலைக்கழிப்பதாகக் குணசீலனுக்குப் பட்டது. நல்ல எண்ணத்தில் மனிதன் எந்த அயோக்கியத்தனமும் செய்வான். மறுநாள் காலை மேகலா கீரை வாங்க இறங்கியபோது அவர் குளியலறைக்குள் நுழைந்தார். சீவும்போது உதிர்கிற முடியைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் செருகி வைப்பது அவள் வழக்கம். பிரித்ததில் வேர் முனையில் வெள்ளையாகக் கடுகளவு குமிழோடு நல்ல நீளமான முடி நாலைந்து கிடைத்தது. அவற்றைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரி மாடிக்கு ஏறினார்.

"மேடம் வரலையா?" என்றாள் ரெஜினா.

"முழங்கால் வலி. அவளேதான் குடுத்தனுப்பினா."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு நாளில்லை என்பது அவளுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குணசீலன் சுவரில் சிரிக்கிற குடும்பத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ வந்தது. டீ ஆறியது. ரெஜினா வெளியே வந்து, இன்னொரு முடியை எடுத்துக்கொண்டு, மறுபடி உள்ளே போனாள். திரும்ப வந்தபோது எதிரில் உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சார், இது மேடத்தோட முடிதானா?"

"எங்க வீட்டுல வேற யாருக்கும்மா முடி இருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. "சான்று தர முடியாது சார். மேடத்துக்கிட்டயே பேசிக்கங்க."

"என்னம்மா, மிஷின் கோளாறா?"

"ரெண்டு தரம் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப எண்ணெயா இருக்கும். என்ன எண்ணெய்தான் வைக்கிறாளோ..."

"நீங்க வீட்டுக்குப் போங்க சார்."

"நீ காட்டாம நான் எந்திரிக்க மாட்டேன் ரெஜினா."

அது ஜோக் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரையை அவர் பக்கம் திருப்பினாள். நீளமாக ஒரு கோடு. நுனியிலிருந்து பாதிக்கும் மேல் பச்சை. இதமான, வயல் மாதிரியான பச்சை. பிறகு ஓரிடத்தில் சட்டென்று சிவப்பு. ஏறி இறங்கவில்லை, விட்டு விட்டு வரவில்லை. அங்கிருந்து வேர்வரை ஒரே சிவப்பு.

"புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் புள்ளி புள்ளியா வரும் சார். கடன் தொல்லை மஞ்சளா இழுத்துக்கிட்டே போகும். இது அப்படி இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இது சாவு வீட்டு முடி."

"எங்க வீட்டுல யாரும் சாகலையேம்மா. நாங்க சாவு வீட்டுக்கே போகல. எதுக்காக இதுன்னு ஏதாவது தெரியுதா?"

"அது முடிக்குத் தெரியாது சார். எப்பன்னு சொல்லும், எவ்வளவுன்னு சொல்லும். எதுக்குன்னு சொல்லாது."

"எப்ப?"

"ஐப்பசி. தீபாவளிய ஒட்டி."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் குணசீலன் தீபாவளியைத் துருவிக்கொண்டே வந்தார். மேகலா அதிரசம் செய்தாள். அது எப்போதையும்விட நன்றாக வந்திருந்தது. புதுப்புடவை கட்டிக்கொண்டாள். இவர் சங்குசக்கரத்தை மிதித்துக் குதித்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து சிரித்தாள். அவள் மட்டும் சாப்பிடவில்லை. பல்வலி என்றாள். 'பல் இருக்கறவங்களுக்குத்தான் பல்வலி, சந்தோஷப்படு' என்று இவர் சொன்னார். அதற்கும் சிரித்தாள். ஒரு மாதம் போல் அவளுக்குப் பல்வலி இருந்தது. எந்தப் பல் என்று ஒருநாளும் கேட்கவில்லை என்பது அரிஸ்டோ ரவுண்டானா திரும்பும்போது அவருக்கு உறைத்தது.

மேகலா கட்டிலில் அவருடைய பெட்டியைத் திறந்து வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். போகவே முடியாதவருக்கான பெட்டி. கம்பளிச் சட்டை, ஊறுகாய்ப் பொட்டலம், மகளுக்குப் பிடித்த முறுக்கு. குழந்தைக்கென்று எதுவும் இல்லை. இத்தனை நாளாகக் கண்ணெதிரே இருந்த பெட்டி. குணசீலன் அதை இப்போதுதான் பார்த்தார்.

வழக்கம்போல் வாயில் மூன்று நான்கு ஜோக்குகள் தயாராக வந்து நின்றன. ஒவ்வொன்றாக விழுங்கினார்.

"மேகலா," என்றார். "உன் முடியைத் திருடிக்கிட்டுப் போய்க் குடுத்தேன். தப்புத்தான். தீபாவளிக்கு என்ன ஆச்சு?"

அவள் முறுக்கு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"பல்வலின்னு சொன்னேனே."

"எந்தப் பல்லு?"

மேகலா நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் சிரிப்பு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிற மாதிரி பார்த்தாள். இல்லை என்று நிச்சயமானதும் பெட்டியைத் தள்ளிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"கொழந்தை இல்லங்க," என்றாள். "தீபாவளிக்கு மொத நாள் போன் பண்ணா. அஞ்சாம் மாசம். துடிப்பு நின்னுபோச்சாம். பொம்பளப் புள்ளையாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்க முடியும் போயிருக்கும். கேட்டப்பவே என்னோடது போயிடுச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தராவது அவகிட்டப் போய்ச் சேரணும்ல? அவதான் சொன்னா, அப்பாவுக்குத் தெரிய வேணாம்மா, அப்பா வந்தா நான் கொஞ்சம் சிரிப்பேன்னு. இங்க வந்ததும் நானே சொல்லிக்கறேன்னு சொன்னா." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "உங்க முடி ஒண்ணுதான் சுத்தமா இருந்துச்சு. அதைக் காப்பாத்திக் குடுத்தா போதும்னு இருந்தேன்."

"நீ எப்ப அழுதே? நான் வீட்டுலயேதானே இருந்தேன்?"

"மிக்ஸி ஓடறப்ப."

குணசீலன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முகம் தானாக இறுகியது. ஒரு வருடப் பழக்கம். எதுவும் உள்ளே போகாமல் கதவைச் சாத்துகிற பழக்கம்.

"அழுங்க," என்றாள் மேகலா. "இனிமே என்ன."

அழுகை வர நேரம் எடுத்தது. வந்தபின் நிற்க இன்னும் நேரம் எடுத்தது. நடுவில் டேவிட் சாரும் அந்த அழுகைக்குள் வந்தார். மேகலா அவர் மொட்டைத்தலையில் கையை வைத்தாள். காய்ந்து மிஞ்சியிருந்த சந்தனம் உதிர்ந்து அவள் விரலில் ஒட்டியது.

"அவளை இங்க வரச் சொல்லிட்டா?" என்று கேட்டார்.

"அவ முடி மட்டும் எப்படி இருக்கும்? வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்க. மாப்பிள்ளை அங்க இருக்காரு. அந்தப் புள்ளையையும் அங்கதான் பொதச்சிருக்கு."

குணசீலன் கைக்குட்டையைத் தேடினார். அது முடி சுற்றிக்கொண்டு போன கைக்குட்டை. அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முடி வளர ஒரு வருஷம் ஆகும்," என்றார். "அந்த ஒரு வருஷத்துல நான் இதை நெனைக்காம இருக்கணும்."

மேகலா விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தேய்த்துவிட்டாள்.

"அப்ப அவகிட்ட யாருதான் போறது?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் மேகலாவிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். முருகன் பாத்துக்குவான், காலையில பேசிக்கலாம், மொதல்ல சாப்பிடுங்க. கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தப் பதில்களின் மேல்தான் படுத்துத் தூங்கி வந்திருக்கிறார். இப்போதும் அதில் ஏதோ ஒன்றுக்காகத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் போக முடியாதுங்க," என்றாள் மேகலா.